மூடி போடும் நேரம்

மூடியை எப்போது போட வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கருத்து உண்டு. சட்டி மூடியைச் சொல்லவில்லை. செல்போனில் நாங்கள் விளையாடும் துப்பாக்கிச் சண்டையில் ஒரு மூடி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் நீல நிறத்தில் ஒரு கவசம் மேலிருந்து கவிழ்ந்து ஆளை மூடிக்கொள்ளும். நமக்கே போட்டுக்கொள்ளலாம், கூட விளையாடுகிறவர் தலையிலும் போடலாம். அது இருக்கும்வரை வெளியிலிருந்து வரும் குண்டு உள்ளே நுழையாது. உள்ளே நிற்பவர் சுட்டால் அந்தக் குண்டும் வெளியே போகாது. கொஞ்ச நேரத்தில் தானாகவே கரைந்துவிடும். மறுபடி போட வேண்டுமானால் காத்துக் கிடக்க வேண்டும்.

அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெரிய பெயர் இருக்கிறது. மூடி என்று பெயர் வைத்தவர் என் மாமியார். அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே எங்கள் எல்லாரையும் நடத்துவார்.

மாமியைக் கேட்டால், விமானத்திலிருந்து குதித்துத் தரையில் கால் பட்டதுமே மூடியைப் போட்டுவிட வேண்டும். என் கணவரைக் கேட்டால், உயிர் போகிற நேரத்துக்கென்று பத்திரப்படுத்த வேண்டும். அப்படிப் பத்திரப்படுத்தியே அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஆளாகச் செத்துப்போவார், மூடி அப்படியே மிச்சம் இருக்கும். செத்த பிறகு எங்களுக்கு யோசனை சொல்வார். என் கருத்து வேறு. கை வேலையாக இருப்பவருக்குத்தான் மூடி. துப்பாக்கியில் குண்டு நிரப்புகிறவர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர், விழுந்தவரைத் தூக்குகிறவர், இவர்களுக்குப் போடலாம். சுட்டுக்கொண்டிருப்பவர் தலையில் மட்டும் போடவே கூடாது. பிரியாணிக்குத் தம் போடுவது மாதிரிதான் இதுவும். நேரம் பார்க்காமல் மூடினால் உள்ளே இருப்பதும் கெட்டுப்போகும், மூடினவர் பெயரும் கெட்டுப்போகும்.

இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் என் கணவர் தோஹாவில் இருப்பது. வீடியோ காலில் பேசினால் அவர் முகம் பாதி வாயோடு நின்றுவிடும். நான் ஒன்று கேட்க, அதற்கு முந்திய கேள்விக்குப் பதில் வரும். ஒருநாள் அவருடைய அறைக்காரர் ஒருவர், இந்த விளையாட்டில் குரல் தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். உண்மைதான், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல இருந்தது. அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சாயங்கால அசர் தொழுகைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவோம். அங்கே அவருக்கு ஜும்மா தொழுகை முடிந்து சாப்பாடும் ஆகியிருக்கும். எங்கள் பையன் பள்ளி மைதானத்துக்குப் பந்தடிக்கப் போயிருப்பான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் போனைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவோம். ஜெயிக்கிற கட்டத்தில் பாங்கு சொன்ன வெள்ளிக்கிழமைகள் எத்தனையோ. எதிர்த்து நின்றவர்கள், இவர்கள் ஏன் திடீரென்று மரம் மாதிரி நிற்கிறார்கள் என்று திகைத்திருப்பார்கள்.

முதலில் மாமிக்கு இது பிடிக்கவில்லை. "சுட்டுக் கொல்லுத விளையாட்டெல்லாம் வீட்டுக்குள்ள என்னத்துக்கு?" என்றார். மகனுடைய குரல் கணீரென்று கேட்டதும் எதிர்ப்பு அடங்கிவிட்டது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது என் போனுக்குள் குனிந்து, "சாப்ட்டியாலே?" என்பார். "உம்மா, பின்னால ஆள் நிக்கான், பொறவு சொல்லுதேன்" என்பார் அவர். "பின்னால ஆள் நிக்கதுக்கும் சோறு திங்கதுக்கும் என்னலே?" என்று மாமி கேட்டு முடிப்பதற்குள் மகன் செத்திருப்பார்.

எங்களில் உண்மையாகச் சுடத் தெரிந்தவள் என் நாத்தனார் மட்டும்தான். என் கணவருக்கு ஒரே தங்கை. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறு மணிக்கெல்லாம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பார்கள் அல்லவா? சில நாள் சுரண்டையில் இருக்கும் கிளைக்கும் போக வேண்டும். எவ்வளவு பருமனான கையாக இருந்தாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். "அந்தப் பிள்ள இருக்கா?" என்று கேட்டு, அவள் இல்லையென்றால் மறுநாள் வருகிற ஆட்கள் உண்டு. அதே கைதான் விளையாட்டிலும். பதறாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆளுக்கு ஒரு குண்டு.

அவளுக்குத்தான் அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா இறந்துவிட்டதால் பொறுப்பு என் கணவர் தலையில். பெண் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வேலையை விடச் சொல்லக் கூடாது. இதில் என்ன இருக்கிறது, தாராளமாகப் போகட்டும் என்றுதான் எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் சொன்னார்கள். ஆனால் அவளோடு ஒன்றாகப் படித்த தோழிக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் ஆனதும், மழையாயிருக்கே, வெயிலாயிருக்கே, காலங்காத்தாலே தனியாகப் போகணுமா, ரத்தத்தைத் தொடுகிற வேலையாச்சே, நோய் கீய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஆரம்பித்தார்கள். ஒருத்தரும் அதட்டவில்லை. எல்லாம் அன்பு. ஏசினால் பதிலுக்கு ஏசலாம், அன்பாகத் தடுத்தால் என்ன செய்வது? இன்றைக்கு அந்தத் தோழி வீட்டில் இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் நாத்தனார் சொன்னாள், "மைனி, ஏசுதவன்னா கூடப் பரவால்ல. என்னயப் பொத்திப் பொத்தி வைக்கிறவன் மட்டும் வேண்டாம்."

அந்தச் சமயத்தில்தான் புளியங்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருக்கும் குடும்பம். பையன் மண்டிப் பக்கம் போகாமல் ஃபயர் அண்ட் சேஃப்டி படித்துவிட்டு, அதே தோஹாவில் ஒரு கட்டுமான இடத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தான். எல்லாரும் ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா, கயிறு கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது வேலை. ஊரில் விசாரித்தோம். பள்ளிவாசலில் கேட்டால் நல்ல பையன் என்றார்கள். டீக்கடையில் கேட்டால் ரொம்ப நல்ல பையன் என்றார்கள். ஒருத்தன் கட்டிக்கொண்டவளிடம் எப்படி இருப்பான் என்பது டீக்கடைக்கு எப்படித் தெரியும்? தோஹாவில் என் கணவர் அவனை இரண்டொரு முறை பார்த்துப் பேசினார். "நல்ல பையன்தான்" என்று அவரும் அதையே சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவன் வெளையாடுவானான்னு கேளுங்க மச்சான்" என்றேன்.

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழம நம்மகூடச் சேத்துக்கிடுங்க. நாலு பேருக்கு ஒரு ஆள் கொறையத்தான செய்யுது."

மாமி பூண்டை வைத்துவிட்டார். நிக்காஹ் ஆகாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதா என்று ஆரம்பித்தார். தனியாகவா பேசப்போகிறார்கள், அண்ணன் இருக்கிறார், மைனி இருக்கிறேன், பக்கத்தில் நீங்களே காவல் இருக்கிறீர்கள் என்றேன். காவல் என்ற சொல் மாமிக்குப் பிடித்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை புதுத் துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரை யாரும் பார்க்கப்போவதில்லை என்று நான் சொல்லவில்லை.

பையன் வந்து எல்லாருக்கும் பொதுவாக ஸலாம் சொன்னான். குரல் அடக்கமாக இருந்தது. ஆட்டம் தொடங்கியது. என் நாத்தனார் ஒரு கிடங்குக்குப் பின்னால் போய், ஜன்னலில் நின்றவனைத் தட்டினாள். அடுத்தவன் மேல் குறி வைத்தாள். அவ்வளவுதான், மேலிருந்து நீல மூடி ஒன்று வந்து அவள் தலையில் கவிழ்ந்தது. அவள் சுட்ட குண்டு உள்பக்கமே பட்டு நின்றுவிட்டது. குறி வைக்கப்பட்டவன் தப்பி ஓடினான்.

"யாரு போட்டது?" என்றாள்.

"நான்தான்" என்றான் பையன்.

"எதுக்கு?"

"உங்கள ஒருத்தன் பாத்துக்கிட்டு இருந்தான்."

"நானும் அவனத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதன்பிறகும் அப்படியேதான். அவள் எங்கே துப்பாக்கியைத் தூக்கினாலும் மேலே மூடி. குண்டு சத்தம் கேட்டால் மூடி. சத்தமே இல்லையென்றால் சந்தேகத்தின் பேரில் மூடி. அந்தப் பக்கம் என் கணவர் அடிபட்டு, "யாராவது எனக்கு ஒரு மூடி போடுங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டே செத்தார். ஆனால் மாமி உருகிப்போனார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "பாத்தியாட்டி, வந்த மொத நாளே எம்புட்டு பாசம்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூக்குதான் செத்தப் பெருசு. அவன் வாப்பாக்கும் அப்படித்தான். ஆனா கொணம் தங்கம்" என்று சேர்த்துக்கொண்டார்.

போனிலிருந்து குரல் வந்தது. "மாமி, மைக்கு ஆன்ல இருக்கு."

மாமி போன வேகத்தில் பூண்டுத் தட்டு உருண்டது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவனே தொடர்ந்து, "மூக்கு விஷயம் நெசந்தான் மாமி, அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது" என்றான். நாத்தனார் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவனுக்கு நல்ல மதிப்பெண் போட்டேன். ஆனால் அவள் போடவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் உண்மையான சண்டை நடந்தது. இப்படி ஒரு பையன் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்க மாட்டான் என்றார் மாமி. "உம்மா, அவரு என்னயச் சுட விடல" என்றாள் மகள். "உனக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னுதானட்டி போடுதான்?" என்றார் தாய். "அதத்தான நானும் சொல்லுதேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பார்த்தார்கள், ஒருத்திக்கு அது மாலையாகத் தெரிந்தது, இன்னொருத்திக்குப் பூட்டாகத் தெரிந்தது. எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. ஆனாலும் சொல்லிப் பார்க்காமல் ஒருவனை வேண்டாம் என்று சொல்வது சரியில்லை.

"அவன்கிட்ட சொல்லிப் பாரேன்" என்றேன்.

"இதெல்லாமா மைனி சொல்லிக் குடுக்கணும்?"

"உங்க அண்ணனுக்கு நான் எத்தன சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா? இன்னும் பாதி பாக்கி இருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை சொன்னாள். முதல் மூடி விழுந்ததுமே, "நான் கேக்காம எம்மேல மூடி போடாதீங்க" என்றாள். குரலில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பிறகு அவன், "எங்க வேலைல கேட்டுக்கிட்டெல்லாம் ஹெல்மெட்ட மாட்டிவிட மாட்டோம். கேட்டா யாரும் போட மாட்டாங்க" என்றான்.

"நான் உங்க சைட்டுக்கு வேலைக்கு வரல" என்றாள் இவள்.

மாமி கையிலிருந்த பூண்டைக் கீழே போட்டார். என் கணவர் தோஹாவில் தொண்டையைச் செருமினார். எனக்கே, பாங்கு கொஞ்சம் சீக்கிரம் வந்தால் தேவலை என்று இருந்தது. அன்று யாரும் சரியாகச் சுடவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பையன் வரவில்லை. ஷிப்ட் மாறிவிட்டதாகச் சொன்னார் என் கணவர். மாமி நம்பவில்லை. "போச்சு, வாயாலயே கெடுத்துக்கிட்டா" என்று, துக்கவீடு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். நாலாவது ஆளாக விளையாட்டே எங்கிருந்தோ ஒருவனை அனுப்பியது. அவன் இந்தியில் எங்கள் எல்லாரையும் திட்டிக்கொண்டே இருந்தான், மூடியைத் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டான். நாத்தனார் ஒன்றும் நடக்காதவள் போலத்தான் விளையாடினாள். ஆனால் எதிரே நிற்பவனைக் கூடத் தவறவிட்டாள். என்னட்டி என்று கேட்டேன், கண்ணில் தூசி என்றாள். எனக்கு அப்போது அவள்மேல் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. பிடிக்காத ஆளாக இருந்தால் தூசி விழுமா?

மறுவாரம் அவன் வந்துவிட்டான். ஷிப்ட் மாறியது உண்மைதானாம். ஸலாம் சொன்ன கையோடு, "ஒரு சந்தேகம். எல்லாரும் சொல்லுங்க. மூடிய எப்பதான் போடணும்?" என்று கேட்டான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி கேட்டான். மாமி தரையிறங்கியதும் என்றார். என் கணவர் உயிர் போகும்போது என்றார். நான் குண்டு நிரப்புவது, கட்டுப் போடுவது என்று விளக்க ஆரம்பித்தேன். நாத்தனார் குறுக்கே புகுந்தாள்.

"மத்தவங்களுக்கு எப்படியோ போடுங்க. எனக்கு, நான் கேட்டா மட்டும் போடுங்க. கேக்கலேன்னா நான் செத்தாலும் போடாதீங்க."

"செத்தாலுமா?"

"செத்தாலும்."

"சரிங்க" என்றான்.

சரி என்று சொல்வது சுலபம். வாரத்துக்கு ஒரு தடவையாவது அவன் விரல் தானாகப் போய் அழுத்திவிடும். அழுத்திய மறுநொடியே, "மன்னிச்சிருங்க, பழக்கதோஷம்" என்பான். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கோபமாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறவள், சும்மா இருந்தாள் என்றால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். இதற்கிடையில் புளியங்குடிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். பையன் குற்றால சீசனுக்கு லீவில் வருகிறான், வரும்போது ஒரு முடிவு தெரிந்தால் நல்லது என்றார்கள். நியாயம்தான், எத்தனை நாள் ஒருத்தர் வீட்டைக் காக்க வைக்க முடியும்? "வரட்டும். அப்ப சொல்லுதேன்" என்றாள் நாத்தனார். மாமி ஐந்து வேளைத் தொழுகையிலும் இதற்காக நீண்ட துஆ கேட்க ஆரம்பித்தார்.

வளைகுடாவிலிருந்து சீசனில் வருகிறவர்கள் வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்த மறுநாளே அருவிக்குப் போய்விடுவார்கள். ஒரு வருடத்துச் சூட்டை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. பையன் வீட்டாரும் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அக்கம்பக்கமாக இரண்டு அறை எடுத்துக்கொண்டு எங்களையும் அழைத்தார்கள். தென்காசிக்காரர்கள் குற்றாலத்தில் ரூம் போட்டால் தெருவே சிரிக்கும். அதனால் மதியச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டிகளில் எடுத்துக்கொண்டு, வந்து போகிறவர்களாக ஆட்டோவில் போனோம். ஜும்மா முடிந்து அவர்கள் வீட்டு ஆண்களும் வர, அவர்கள் ஒரு அறையில், பெண்கள் ஒரு அறையில் சாப்பிட்டோம்.

குளிப்பதற்கு மட்டும் வழியில்லை. மலையில் விடாத மழை, மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. போலீஸ்காரர்கள் கயிற்றைக் கட்டிவிட்டு விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற வெளியூர்க்காரர்கள் வடிய வடிய அப்படியே ரோட்டில் நடந்தார்கள். பையனுடைய உம்மாவும் என் மாமியும் எலுமிச்சை விலையைப் பேசி முடித்து, மூட்டு வலிக்கு வந்திருந்தார்கள். பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் வாசலில் பார்த்துக்கொண்டதோடு சரி. அவன் தலையைக் குனிந்துகொண்டான், அவள் தூக்குச்சட்டியைப் பார்த்தாள். எங்கே அந்த ஹெல்மெட் வாய்ச்சண்டை எல்லாம்?

அசர் தொழுதுவிட்டுப் போனைப் பார்த்தால் என் கணவர் தோஹாவிலிருந்து அழைப்பு அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை அல்லவா, அவருக்கு வேறு என்ன வேலை. பக்கத்து அறையிலிருந்து பையனும் சேர்ந்துகொண்டான். நானும் நாத்தனாரும் பெண்கள் அறைக்கு வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவன் பேசினால் முதலில் சுவர் வழியாகக் கேட்கும், அப்புறம் போன் வழியாகக் கேட்கும்.

காற்றடிக்கும்போதெல்லாம் சாரல் வராந்தாவுக்குள் வந்தது. ஒரு துளி என் போனில் விழுந்தது, நான் துடைப்பதற்குள் மூடி கிளம்பி என் கணவர் தலையில் போய் உட்கார்ந்தது.

"யாரு எனக்கு மூடி போட்டது?" என்றார் அவர். அவருக்கு யாரும் போட்டதில்லை, அதனால் ஆச்சரியம்.

"நான் இல்ல மச்சான். சாரல் விழுந்து அதுவா போட்டுட்டு."

"அங்கன நல்ல சாரலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பக்கத்தில் இல்லாத சீசன்களில் அதுவும் ஒன்று. அவரும் அந்த யோசனையில் நின்றுவிட்டார் போல, மூடி கரைந்ததும் செத்துப்போனார். அவரைத் தூக்கப் போன நானும் செத்தேன். மிச்சம் இருந்தவர்கள் பெண்ணும் மாப்பிள்ளையும்தான்.

நான் நாத்தனாரின் போனை எட்டிப் பார்த்தேன். மாமியும் வந்து என் தோளுக்கு மேலே குனிந்தார். பையனுடைய உம்மாவும் வந்து நின்றார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டமே இருந்தது. இவள் ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து சுட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தன் விழுந்தான். இன்னொருத்தன் விழுந்தான். பக்கவாட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள், குண்டுகள் இவள்மேல் படப்படத் திரை ஓரமெல்லாம் சிவந்தது. அவளுடைய உயிர்க்கோடு தேய்ந்துகொண்டே வந்தது. மாப்பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில், அடுத்த மரத்துக்குப் பின்னால் நின்றான். தன் மூடியை இவள் முன்பே போட்டுத் தீர்த்திருந்தாள், அவனிடம் முழுசாக இருந்தது.

"தம்பி, மூடியப் போடுங்க" என்றார் மாமி. சுவருக்கே கேட்கும்படி சொன்னார். "தம்பி, புள்ளய அடிக்கானுவ பாருங்க, போடுங்க தம்பி." சுவரும் பேசவில்லை, போனும் பேசவில்லை. எனக்கே கை பரபரத்தது. இவ்வளவு பேசுகிற நானே அந்த நேரத்தில் போட்டிருப்பேன். நாத்தனார் மட்டும் வாயைத் திறக்காமல் இன்னொருவனைச் சுட்டாள். அதற்குள் அவள் உயிர்க்கோடு தீர்ந்து, முழங்காலிட்டு விழுந்துவிட்டாள்.

"விழுந்துட்டாளே" என்று மாமி தலையில் கை வைத்தார். "போட்டிருக்கக் கூடாதா தம்பி?"

"அவங்க கேக்கல மாமி" என்றது சுவர். பிறகு அதையே போனும் சொன்னது.

நாத்தனார் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டில் விழுந்தவர் உடனே செத்துவிடுவதில்லை, யாராவது வந்து தூக்கினால் எழுந்துகொள்ளலாம். அவள் மெதுவாக, யாரோ பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது மாதிரி, "இப்பக் கேக்கேன். போடுங்க" என்றாள்.

அவள் வாயை மூடவில்லை, அதற்குள் மூடி விழுந்துவிட்டது. அத்தனை நேரமும் அவன் விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்திருக்கிறது. நீல வெளிச்சத்துக்குள் ஓடி வந்து குனிந்து அவளைத் தூக்க ஆரம்பித்தான். வெளியே குண்டுகள் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தன. அவள் எழுந்து நின்றாள். துப்பாக்கியில் குண்டு நிரப்பிக்கொண்டாள். மூடி கரைந்தது. சுற்றி நின்றவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சுட்டுவிட்டார்கள். தோற்றுப்போனோம்.

தோஹாவிலிருந்து என் கணவர் எங்கே தப்பு நடந்தது என்று விளக்க ஆரம்பித்தார். நான் போனை அணைத்துவிட்டேன். நாத்தனாரும் தன்னுடையதை அணைத்து, திரையில் இருந்த சாரலைத் தாவணி முனையால் துடைத்தாள்.

"உம்மா, சம்மதம்னு சொல்லிருங்க" என்றாள்.

மாமிக்குப் புரியவில்லை. எத்தனையோ நாள் துஆ கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்த நேரம்தான் அவருக்கு விளங்கவில்லை. பையனுடைய உம்மா பக்கத்தில் நிற்கிறார் என்பதைக்கூட மறந்துவிட்டு, "ஏட்டி, உன்னயச் சாவ விட்டுட்டானேட்டி" என்றார்.

"ஆமா உம்மா" என்றாள் அவள். "நான் கேக்க வரைக்கும் விட்டாருல்ல."

பையனுடைய உம்மா அவள் தலையில் கையை வைத்தார். என் மாமி அழுதுகொண்டும் முந்தானையைச் சரி செய்துகொண்டும் பக்கத்து அறைக் கதவைத் தட்டப் போனார்.